ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

என் தங்கை மகனுக்கு மூன்று வருஷமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தோம். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. முன்கோபம் கொஞ்சம் உண்டு. ஆனால் அது எங்கள் குடும்பச் சொத்து. அன்னூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாலரை ஏக்கர் தோட்டம், அதில் வாழையும் கறிவேப்பிலையும், இரண்டு எருமை, சொந்த வீடு. ஜாதகத்திலும் தோஷம் இல்லை. பின்னே என்ன என்கிறீர்களா?

தரகர் ஒரு நாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சங்கதியை உடைத்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, இப்பப் பொண்ணூட்டுக்காரங்க எல்லாரும் ஒண்ணுதான் கேக்கறாங்க. மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருக்கோணும். ஆனா, மாப்பிள்ளை தோட்டத்தில இருக்கப்படாது!"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு, என் தங்கை எழுந்து சமையலறைக்குள் போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் சத்தியமங்கலத்தில். உங்களில் பலருக்கு எங்கள் ஊர் என்றதும் காடும் புலியும் ஞாபகத்துக்கு வரலாம். புலி இருக்கிறது, 2013-ல் எங்கள் காடு புலிகள் காப்பகமாகவே ஆகிவிட்டது. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுத் திம்பம் மலை ஏறினால் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குச் சத்தி என்றால் மல்லிகைப்பூதான். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து கோவைக்கும் மைசூருக்கும் கேரளத்துக்கும் போகும். நீங்கள் மாலையில் தலையில் சூடிக்கொள்ளும் சரத்தில் எங்கள் ஊர்ப் பெண்ணின் காலைத் தூக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலைக்குச் சத்தி ரோடு என்று பெயர். கணபதி, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி என்று வரும். கணபதியில் பட்டறைகளும் பம்பு செட்டுத் தொழிலும், சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடங்களும் கம்ப்யூட்டர் வேலையும். அன்னூர் தாண்டினால் வாழை, சோளம், தென்னை, எருமை. என் தங்கை மகன் இந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவன். காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்தால், பட்டறை வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆகும்.

இப்படியிருக்கையில்தான் அந்தத் தொழிற்பூங்காச் செய்தி வந்தது. அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுகாக்களில், ஆறு ஊராட்சிகளைச் சேர்ந்த 3,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஒரு தொழிற்பூங்கா அமைக்கத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஆலைகள் வரும், ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். பட்டியலில் என் தங்கையின் நாலரை ஏக்கரும் இருந்தது.

ஒரே செய்தி, ஆனால் தாய்க்கு ஒன்றாகவும் பிள்ளைக்கு ஒன்றாகவும் கேட்டது!

2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அரிசிம்பருப்புச் சோறு வடித்திருந்தாள். நெய் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது கவளத்திலேயே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

"பெரியம்மா, நீங்களே ஞாயம் சொல்லுங்க. ஆலை இங்கயே வந்தா நான் மத்தியானச் சோத்துக்கே ஊட்டுக்கு வருவனல்ல? பொண்ணு குடுக்கறவங்களும் உள்ளூர்ல வேலைன்னா யோசிக்க மாட்டாங்கல்ல?"

"ஊடு எங்கடா இருக்கும்?" என்றாள் என் தங்கை. "அவங்க அளக்கற சர்வே நம்பர்ல நம்ம களத்துமேடும் இருக்குது, ஊடும் இருக்குது. மத்தியானச் சோத்துக்கு எங்க வருவே?"

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். சோறு அப்படியே இருந்தது. என்னிடம் ஞாயம் கேட்டானே தவிர, சொல்ல என்னிடம் ஞாயம் எதுவும் இல்லை. இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருந்தால் நடுவில் இருப்பவர் என்ன சொல்வது?

அன்று இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. எங்கள் அம்மிச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. அம்மிச்சி என்றால் எங்கள் பக்கத்தில் தாயைப் பெற்றவள்.

எங்கள் அம்மிச்சியின் ஊர் இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் கட்டி முடித்த அணை அது. சுதந்திரம் வந்த கையோடு எடுத்த பெரிய வேலைகளில் ஒன்று. 105 அடி உயரம். அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 124 மைல் ஓடி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கோபி, பெருந்துறைப் பக்கமெல்லாம் மேட்டாங்காடாய்க் கிடந்த மண் பச்சையானது அந்தத் தண்ணீரால்தான். அணை கட்டியது தப்பு என்று அம்மிச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொன்னது வேறு.

"அளக்க வந்தாங்க கண்ணு. தண்டோராப் போட்டாங்க. பண்டபாத்திரத்தை வண்டியில ஏத்திப்போட்டு வந்தோம். போறயான்னு எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே!"

அதுதான் அவளுக்கு ஆறாத மனக்குறை. நஷ்டஈடு கொஞ்சமோ அதிகமோ, அதைப் பற்றிப் பேசமாட்டாள். கேட்கவில்லை என்பதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அணையில் தண்ணீர் வற்றும் வருஷங்களில், தண்ணாயக்கன் கோட்டையின் பழைய மாதவப் பெருமாள் கோவில் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். கரையில் நின்று பார்த்துவிட்டு வருவாள். ஆனால் வாய்க்கால் பாசனத்தில் பூத்த மல்லிகையைத் தாத்தா வாங்கிக்கொண்டு வந்தால் ஆசையாகத் தலையில் வைத்துக்கொள்வாள். "இது என்ற ஊட்டு மேல நிக்கற தண்ணியில பூத்ததாக்கும்!" என்பாள். பெருமையாகச் சொல்கிறாளா, வருத்தமாகச் சொல்கிறாளா என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் காந்தி ஜயந்தி. கிராம சபை கூடும் நாள்.

பட்டணத்து வாசகிகளுக்காக ஒரு வார்த்தை. கிராம சபை என்றால் ஊராட்சித் தலைவரும் மெம்பர்களும் மட்டும் கூடுவது அல்ல. அந்த ஊரில் ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நெற்றியில் சுருக்கம் விழுந்த ஆத்தாவும் உறுப்பினர், நேற்று பதினெட்டு முடிந்த பெண்ணும் உறுப்பினர். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்த பிறகு, நம் மாநிலத்தில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி என்று வருஷத்தில் நான்கு நாள் கூடி வந்த சபை, பின்னால் தண்ணீர் நாளுக்கும் உள்ளாட்சி நாளுக்குமாகச் சேர்த்து ஆறு நாளாயிற்று. வரவு செலவைப் படிக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

சட்டம் அப்படி. நடப்பில் பாதி ஊர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவதுதான் சபை. பெண்கள் போனால் பின்வரிசை. ஆனால் அன்று அந்த ஊரில் ஷாமியானாப் பந்தல் போதவில்லை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். நான் வெளியூர்க்காரி, பேச உரிமை இல்லை. வேப்ப மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, நூறு நாள் வேலை என்று கணக்கு வாசித்து முடித்தார்கள். பிறகு பூங்கா விஷயம் வந்தது. ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டு வெவசாயம் பண்ணுறோம். அத்திக்கடவுத் தண்ணி வருமுன்னு அறுபது வருசமாக் காத்திருந்தோம். இப்பத்தான் குளத்துக்குக் குழாய் பதிக்கறாங்க. தண்ணி வர்ற நேரத்துக்கு நெலம் போகோணுமா?"

இன்னொருவர் ஒரத்துப்பாளையத்தைச் சொன்னார். நொய்யல் ஆற்றில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கித் தேங்கி, அந்த அணையைத் திறக்காதிருந்தாலே போதும் என்று விவசாயிகள் கும்பிடும் நிலை வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையே மூடச் சொல்லும்படி ஆயிற்று. "ஆலை வாரதுக்கு முன்னால, அதோட கழிவுத் தண்ணி எங்க போகுமுன்னு சொல்லச் சொல்லுங்க," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

செயலாளர் பேனாவைத் திறந்து, 'தொழிற்பூங்கா வேண்டாம் என ஏகமனதாக' என்று எழுதத் தொடங்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று ஒரு குரல் கேட்டது.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். என் தங்கை தோட்டத்துக்குக்கூடக் களை வெட்ட வருகிறவள்தான்.

"நெலம் இருக்கறவங்க எல்லாரும் வேண்டாமுன்னு சொல்றீங்க. சரிங்க. எங்களுக்கு நெலமே இல்லைங்களே! என்ற பொண்ணு பன்னெண்டாவது படிச்சுப்போட்டு, வெடியறதுக்கு முன்னால கம்பெனி வண்டி ஏறி பனியன் கம்பெனிக்குப் போறா. ராத்திரி அவ எறங்கி வார வரைக்கும் நான் ரோட்டுல நிக்கறேன். இங்க வேலை வருதுன்னா எனக்கு வேண்டாமா? என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க ஏகமனசு?"

பந்தல் அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மிச்சி சொன்ன அதே வார்த்தை அல்லவா! அணை கட்டும்போது அரசாங்கம் எங்களைக் கேட்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தோட்டத்தில் களை வெட்டுகிறவளை நாங்கள் என்றைக்காவது கேட்டோமா?

அப்போது என் தங்கை மகன் எழுந்தான். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. முன்கோபக்காரனாயிற்றே!

"அக்கா கேட்டது சரிங்க. எனக்கும் வேலை வேணும். ஆனா என்ன வேலை, எத்தனை பேருக்கு, உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கு எத்தனைன்னு காயிதத்தில ஒண்ணும் இல்லைங்களே. பூங்காவுக்குக் கேக்கற நெலத்திலயே ஒரு கம்பெனி வாங்கிப் போட்ட நெலம் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் இருக்குது. மொதல்ல அதில ஆலை வரட்டும். தண்ணியை உறிஞ்சாத, சாயம் விடாத ஆலையா வரட்டும். தோட்டத்தை விட்டுப்போடுங்கன்னு எழுதலாமுங்க."

"உங்கம்மா சொல்லிக் குடுத்துதா?" என்று யாரோ கேலியாகக் கேட்டார்.

"இல்லைங்க. எங்கம்மாவும் நானும் நேத்திலிருந்து பேசறதே இல்லை," என்றான். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். என் தங்கையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. சத்தமும் கொஞ்சம் ஏறியது. கடைசியில் எழுதிய தீர்மானம் இதுதான்: விளைநிலத்தையும் வீட்டையும் விருப்பமில்லாமல் எடுக்கக் கூடாது; ஆலை வருவதானால் எந்த ஆலை, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்று முன்கூட்டிச் சபையில் சொல்ல வேண்டும்; நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் முதலிடம் வேண்டும்; பெண்களுக்கு இரவு வண்டி ஏறாமல் போய்வரும் தூரத்தில் வேலை வேண்டும். கடைசி இரண்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் என் தங்கை. அவள் அதுவரை சபையில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தீர்மானத்தை நல்ல தமிழில் திருத்தி எழுதிக் கொடுத்தது அவள் பிள்ளை. பாலிடெக்னிக் படிப்பு அதற்காவது உதவியது!

அன்று இரவு அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சகோதரிகளே, ஒரு தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கிராம சபைத் தீர்மானம் கோர்ட்டுத் தீர்ப்பு அல்ல. அதைக் காட்டி ஓர் அரசாங்க வண்டியை நிறுத்திவிட முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏகனாபுரத்துக்காரர்கள் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 முதல் சபைக்குச் சபை தீர்மானம் போட்டார்கள், திட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில், உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு சபைகள் கூடின, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. நமக்குப் பக்கத்தில், பாலக்காட்டு எல்லையில் பிளாச்சிமடா இருக்கிறது. அந்த ஊர் ஊராட்சி முதலில் குளிர்பான ஆலைக்கு வரவேற்பாகத்தான் லைசென்ஸ் கொடுத்தது. கிணறுகள் கெட்டன என்று பெண்கள் குடத்தோடு வந்து உட்கார்ந்த பிறகு, 2003-ல் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. மறு வருஷம் ஆலை நின்றது. ஆலை போனது, அதனோடு வேலையும் போனது. முதலிலேயே கேள்வி கேட்டிருந்தால் இரண்டு கஷ்டமும் இல்லை.

அன்னூர் விஷயமும் அப்படி இப்படி இழுத்தது. ஊர் ஊராகக் கூட்டம், நடைபயணம், உண்ணாவிரதம் என்று நடந்தது. 2022 டிசம்பரில் அரசாங்கம் இறங்கி வந்தது. தனியார் கம்பெனியிடம் உள்ள சுமார் 1,630 ஏக்கரில் பூங்காவைத் தொடங்குவது, விவசாயிகளின் நிலத்தை அவர்கள் விருப்பமில்லாமல் எடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். எங்கள் ஒரு சபையால் இது நடந்தது என்று சொன்னால் அது ஜம்பம். ஆறு ஊராட்சிகளிலும் எத்தனையோ பேர் வெயிலில் நின்றதால் நடந்தது. ஆனால் அந்த அறிவிப்பைப் பத்திரிகையில் படித்தபோது, தன் தீர்மானத்தைத் திருப்பிப் படிப்பதுபோல இருந்தது என்றாள் என் தங்கை. இருக்கட்டுமே, அந்தச் சந்தோஷத்தில் நமக்கு என்ன நஷ்டம்?

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டமும் தொடங்கியது. பவானியின் உபரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிற திட்டம். தங்கை ஊர்க் குட்டையில் முதல் தண்ணீர் வந்த அன்று பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டார்களாம். எனக்குத் தொலைபேசியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

பையன் கல்யாணம்? சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். பெண் எங்கள் சத்தியிலேயே கிடைத்தாள். பி.காம். படித்தவள், பூ மண்டியில் கணக்கு எழுதுகிறவள். பெண் பார்க்கப் போனபோது, பெரியவர்கள் எல்லோரும் சந்தகை சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் நேரே பையனைக் கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதைப் பத்தி யாருங்க முடிவு பண்ணுவாங்க?"

"அதை உங்களைத்தானுங்க கேக்கோணும்," என்றான் இவன்.

மூன்று வருஷம் தேடியதற்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. முகூர்த்தத்துக்கு எங்கள் ஊர்ப் பூதான்.

இத்துடன் முடித்துவிட்டால் கதை மங்களமாக இருக்கும். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு அந்தக் களைவெட்டுகிற அம்மாளும் வந்திருந்தாள். மகள் வரவில்லையா என்று கேட்டேன். "முகூர்த்த நாளுன்னா கம்பெனியில லீவு குடுப்பாங்களா அம்மணி?" என்றாள். எங்கள் நிலம் எங்களிடமே இருக்கிறது. குட்டைக்குத் தண்ணீர் வந்தது. பிள்ளைக்குப் பெண்ணும் கிடைத்தது. அவள் மகள் மட்டும் விடியுமுன் வண்டி ஏறிக்கொண்டிருந்தாள். தீர்மானத்தின் கடைசி இரண்டு வரி புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதை மறுபடி எடுத்துப் படிக்கச் சொல்லிச் சபையில் கேட்க வேண்டியது, நிலம் தப்பித்தவர்களின் கடமை என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். "ஏன், நான் மறந்துட்டனா?" என்று கோபித்துக்கொண்டாள். குடும்பச் சொத்து!

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு திட்டம் வரும். சாலையோ, ஆலையோ, பாலமோ. நல்லதாகவும் இருக்கலாம். கிராமத்தில் சபை கூடும்போது, அல்லது உங்கள் நகரத்து வார்டில் 2022 முதல் வந்திருக்கும் பகுதி சபை கூடும்போது, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய்வாருங்கள். உங்களைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். அதோடு பின்வரிசையில் யாராவது எழுந்து நிற்கிறாளா என்றும் திரும்பிப் பாருங்கள்.